காணொளி திக்கித் திக்கி ஓடுகிறதா? புதுக் கணினி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டில் 1 கிகாபிட் இணையம். கட்டணம் கட்டுவது அம்மாவோ அப்பாவோ. மெதுவாக இருக்கிறது என்று திட்டுவது நீங்கள்.

யூடியூபில் 4கே காணொளி ஒன்றைப் போடுகிறீர்கள். பாட்டு ஒழுங்காகக் கேட்கிறது. படம் மட்டும் நிற்கிறது, தாவுகிறது, மறுபடியும் நிற்கிறது. ஆடுபவரின் கை இங்கே இருந்தது, அடுத்த நொடி அங்கே இருக்கிறது. நடுவில் அது எப்படிப் போனது என்று பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"லேப்டாப் பழசாயிடுச்சு, மாத்திடலாம்." வீட்டிலும் கடையிலும் உடனே வரும் பதில் இதுதான். அடுத்த பதில், "நெட் ஸ்லோவா இருக்கு, பிளானை மாத்து."

இரண்டுக்கும் காசு செலவாகும். பல நேரம் இரண்டுமே தேவைப்படாது. கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும், ஒரு காசும் செலவில்லை. அதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில், எந்த வகைத் திக்கல்?

'வீடியோ ஓடமாட்டேங்குது' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன.

திரையில் வட்டம் சுற்றுகிறது, சத்தமும் சேர்ந்து நிற்கிறது என்றால் தரவு வந்துசேரவில்லை. அது இணையத்தின் பிரச்சினை. பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையின் பிரச்சினை.

சத்தம் தடையில்லாமல் வருகிறது, படம் மட்டும் தாவுகிறது என்றால் தரவு வந்துவிட்டது. கணினியால் அதை நேரத்துக்குப் படமாக மாற்ற முடியவில்லை. இன்றைய கட்டுரை பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. எல்லாமே நன்றாக ஓடுகிறது. ஆனால் சினிமாவில் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும்போது மட்டும் படம் லேசாக உதறுகிறது. அதற்குக் கணினி பொறுப்பே இல்லை. பிறகு சொல்கிறேன்.

ஊகிக்க வேண்டாம், யூடியூபே சொல்லும். கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் காணொளியின்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலின் அடியில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று இருக்கும். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதில் மூன்று வரிகள் போதும்.

'பஃபர் ஹெல்த்' என்பது எத்தனை விநாடிக்கான காணொளி முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது என்று காட்டும். 'ஃபிரேம்ஸ்' என்ற வரியில் 'டிராப்ட்' என்று வருவது உங்களுக்குக் காட்டாமலேயே தூக்கிப்போடப்பட்ட படங்களின் எண்ணிக்கை. 'கோடெக்ஸ்' என்ற வரியைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

கையிருப்பு இருபது, முப்பது விநாடி இருக்கிறது, ஆனாலும் தூக்கிப்போடப்படும் படங்கள் ஏறிக்கொண்டே போகின்றனவா? இணையத்தைத் திட்டுவதை நிறுத்துங்கள், அதன்மீது தப்பில்லை. மாறாகக் கையிருப்பு பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு வருகிறதா? அப்படியானால் புதுக் கணினி வாங்கினாலும் அதே வட்டம்தான் சுற்றும்.

கணினிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

1080பி தரத்தில் ஒரு படம் என்பது அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுத 3 பைட் என்று வைத்தால், ஒரே படம் 6 மெகாபைட்டைத் தாண்டும். விநாடிக்கு 30 படம் என்றால் ஏறக்குறைய 1.5 கிகாபிட். வீட்டில் இருக்கும் 1 கிகாபிட் இணைப்பால் சாதாரண எச்டி காணொளியைக்கூட அப்படியே கொண்டுவர முடியாது!

4கே அதைப்போல நான்கு மடங்கு. விநாடிக்கு 60 படம் என்றால் எட்டு மடங்கு, அதாவது 12 கிகாபிட். நாடு முழுதும் உள்ள அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்குக் கொண்டுபோக 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்படும் என்று 2024இல் சிங்கப்பூர் அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கலாம். அந்த வேகமும் இதற்குப் பத்தாது.

ஆனால் 4கே பார்க்க யூடியூப் பரிந்துரைக்கும் வேகம் எவ்வளவு தெரியுமா? விநாடிக்கு 20 மெகாபிட். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15. கிகாபிட் இல்லை, மெகாபிட்.

அப்படியானால் காணொளி சில நூறு மடங்கு சுருக்கப்பட்டுத்தான் உங்களிடம் வருகிறது. ஊருக்குப் போகும்போது 30 கிலோ பெட்டிக்குள் குடும்பத்துத் துணி மொத்தத்தையும் அமுக்கி அடைப்போமே, அந்த மாதிரி. செய்தி வாசிப்பவர் பேசும்போது அவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லை. அதை ஒவ்வொரு முறையும் அனுப்புவானேன்? உதடு அசைந்ததை மட்டும் அனுப்பினால் போதும். நூறு பேர் ஆட, மேலேயிருந்து வண்ணக் காகிதம் கொட்டும் பாட்டுக் காட்சியில் அந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிக்காது. செய்தி நன்றாக ஓடி, குத்துப்பாட்டு மட்டும் திக்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடைத்த பெட்டியைப் பிரித்து, மடிப்புக் கலையாமல் எடுத்து வைப்பது உங்கள் கணினியின் வேலை. விநாடிக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது சுமார் 17 மில்லிவிநாடி. அதற்குள் முடியாவிட்டால் அந்தப் படம் குப்பைக்குப் போகும். சத்தத்தை நிறுத்தினால் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால், மென்பொருள் சத்தத்தைக் காப்பாற்றிவிட்டுப் படத்தை விட்டுக்கொடுக்கிறது. பாட்டு மட்டும் ஒழுங்காகக் கேட்பதன் ரகசியம் இதுதான்.

எல்லாம் 'கோடெக்' செய்யும் வேலை

எப்படி அடைப்பது, எப்படிப் பிரிப்பது என்ற விதிமுறைக்குத்தான் கோடெக் என்று பெயர். 2003இல் வந்த எச்.264 இன்றும் எங்கும் இருக்கிறது. 2013இல் எச்.265 வந்தது, எச்இவிசி என்றும் சொல்வார்கள். அதே ஆண்டில் கூகளின் விபி9. பிறகு 2018இல் பல நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஏவி1.

புதிது வர வர, அதே தரத்தை இன்னும் சிறிய பெட்டிக்குள் அடைக்க முடிகிறது. எச்.264க்குத் தேவைப்படும் அளவில் ஏறக்குறைய பாதியில் வேலையை முடிக்க வேண்டும் என்பதே எச்.265இன் இலக்கு. ஆனால் நெருக்கி அடைத்த பெட்டியைப் பிரிக்க அதிகம் மெனக்கெட வேண்டும்.

அதற்காகவே கணினியின் சில்லுக்குள் தனியாக ஒரு சிறிய பகுதி இருக்கிறது. காணொளியைப் பிரிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. ஆனால் அந்த ஒரு வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில், அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். ஒரே சிக்கல், தொழிற்சாலையில் கற்றுக்கொண்டு வந்த கோடெக் மட்டும்தான் அதற்குத் தெரியும். புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

தெரியாத கோடெக் வந்தால்? மொத்தச் சுமையும் சிபியு தலையில் விழுகிறது. விசிறி இரைகிறது, மடி சுடுகிறது, படம் தாவுகிறது. 'பழசு' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கணினிக்கு வயதாகவில்லை, அதற்குப் புரியாத மொழியில் பேசுகிறோம், அவ்வளவுதான்.

இன்டெல் சில்லு என்றால் விபி9ஐ முழுமையாகப் பிரிக்கும் திறன் 7ஆம் தலைமுறையில் வந்தது. ஏவி1 வந்தது 2020இல் வெளியான 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் சில்லுகளில். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை முதல் ஏவி1 உண்டு. ஆப்பிள் மேக் பயன்படுத்துபவர்களுக்கு எம்3 சில்லு முதல், அது 2023.

உங்கள் மடிக்கணினியில் 8ஆம் தலைமுறை இன்டெல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விபி9 காணொளி பஞ்சுபோல ஓடும். அதே காணொளியை யூடியூப் ஏவி1இல் அனுப்பினால் திணறலாம். இணையம் அதேதான், திரை அதேதான். மாறியது பெட்டியை அடைத்த விதம் மட்டும்.

முன்னே விட்டுவைத்த 'கோடெக்ஸ்' வரியை இப்போது பாருங்கள். 'ஏவிசி1' என்று தொடங்கினால் அது எச்.264. 'விபி09' என்றால் விபி9. 'ஏவி01' என்றால் ஏவி1.

புதிய கோடெக்கில் அனுப்புவதால் நிறுவனத்துக்குத் தரவுச் செலவு மிச்சம். கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கும் டேட்டா மிச்சம், அதை மறுக்க முடியாது. ஆனால் வீட்டில் அளவில்லாத இணையம் வைத்திருப்பவருக்கு அதில் பெரிய லாபம் இல்லை. வேலை மட்டும் அவர் கணினிக்குப் போகிறது.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பொத்தான். குரோம் உலாவியில் செட்டிங்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே 'கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்' என்று ஒன்று இருக்கும். பழைய பதிப்புகளில் 'ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்'. அது அணைந்திருந்தால் அந்தத் தனிப் பகுதி சும்மா உட்கார்ந்திருக்கும்; சிபியு மட்டும் மூச்சுவாங்கும். வேறு ஏதோ கோளாறைச் சரிசெய்ய யாரோ எப்போதோ அணைத்துவிட்டு மறந்துபோவது சாதாரணமாக நடப்பதுதான். போட்டுவிட்டு உலாவியை மூடித் திறங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவைத் தேர்ந்தெடுங்கள். காணொளி ஓடும்போது 'வீடியோ டிகோட்' என்ற வரைபடம் அசைந்தால் நல்லது. அது தட்டையாகக் கிடக்க, சிபியு மட்டும் 90, 100 விழுக்காட்டில் நின்றால் குற்றவாளி பிடிபட்டார்.

பொத்தான் போட்டிருந்தும் வரைபடம் அசையவில்லை என்றால், கிராஃபிக்ஸ் டிரைவரை மடிக்கணினி நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தோ சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்தோ புதுப்பித்துப் பாருங்கள். அதிலும் மாறாவிட்டால், அந்தக் கோடெக் உங்கள் சில்லுக்குத் தெரியாது என்று அர்த்தம்.

அப்போதும் வழி இருக்கிறது. சில்லுக்குத் தெரிந்த மொழியில் பேசச் சொல்லி யூடியூபைக் கேட்கலாம். 'எச்264இஃபை' என்ற பெயரில் உலாவிக்கான இலவச நீட்சிகள் உண்டு. அவை ஏவி1, விபி9 வேண்டாம், எச்.264ஐக் கொடு என்று கேட்கும். பத்து வருடத்து மடிக்கணினிகூட அதைச் சுலபமாகப் பிரித்துவிடும்.

இதில் ஒரு விலை உண்டு. யூடியூப் எச்.264இல் 1080பி வரைதான் தரும், 4கே கிடைக்காது. ஆனால் உங்கள் மடிக்கணினியின் திரையே 1,920க்கு 1,080 புள்ளிதானே? அதில் 4கே போட்டால், கணினி கஷ்டப்பட்டு 80 லட்சம் புள்ளிகளைப் பிரித்து, பிறகு அவற்றை 20 லட்சமாகச் சுருக்கிக் காட்டும். கூர்ந்து பார்த்தால் கொஞ்சம் தெளிவு கூடியிருப்பது தெரியலாம். அதற்காகப் படம் தாவுவதைப் பொறுத்துக்கொள்வது என் கணக்கில் நஷ்டம்தான். தாவாத 1080பி, தாவும் 4கேயைவிட எப்போதும் மேல்.

இனி, வீட்டில் சேமித்து வைத்திருக்கும் காணொளிகள். அக்கா கல்யாணத்தில் ஐஃபோனில் எடுத்ததைக் கணினியில் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, அல்லது ஒரு எழுத்துப் பலகை தோன்றி ஏதோ வாங்கச் சொல்கிறது. 2017 முதல் ஐஃபோன்கள் எச்இவிசியில் பதிவுசெய்கின்றன. விண்டோஸ் அதைத் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ஒரு சிறிய இணைப்பை வாங்கச் சொல்லும். விலை ஒரு அமெரிக்க டாலருக்கு ஒரு காசு குறைவு. வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. விஎல்சி இலவசம், தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுவருகிறது. 2018இல் வெளிவந்த அதன் 3.0 பதிப்பு முதல், சில்லின் தனிப் பகுதியைத் தானாகவே பயன்படுத்தவும் செய்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு 'விஎல்சிலயும் ஓடல' என்று சொல்பவர்கள் முதலில் அதைப் புதுப்பித்துவிடுங்கள்.

மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பார்ப்பவரா? அடியில் இருக்கும் காற்றுவழி அடைபடும். நம் ஊர் வெப்பத்தில், குளிர்சாதனம் போடாத அறையில், சில்லு சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்க ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டியது இதை. விசிறியில் சேர்ந்த தூசியைத் துடைப்பதும், பேட்டரியைச் சேமிக்கும் முறையை அணைப்பதும் ஒரு பைசா செலவில்லாத வைத்தியம்.

வட்டம் சுற்றுபவர்களுக்கு

உங்களுக்குக் கையிருப்புதான் பூஜ்யமாகிறது என்றால், முதலில் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட கழக வீடுகளில் பாதுகாப்பறை இருக்கும். நாம் 'பாம் ஷெல்ட்டர்' என்போம். ஆபத்துக் காலத்துக்காகக் கட்டிய அறை; இப்போது அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் அங்கேதான். அதன் சுவர் கம்பி வைத்த தடித்த கான்கிரீட். குண்டுச் சிதறலைத் தாங்கக் கட்டிய சுவர் வைஃபையை மட்டும் விட்டுவிடுமா? கம்பி தெரியாமல் அழகாக இருக்கட்டும் என்று ரவுட்டரை அதற்குள் வைத்துக் கதவையும் சாத்திவிட்டு, அறையில் சிக்னல் வரவில்லை என்பது நியாயமே இல்லை.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூரம் போகும், ஆனால் நெரிசல் அதிகம். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் அதில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5ஐத் தேர்ந்தெடுங்கள். மேசைக் கணினி என்றால் கேபிள் போட்டுவிடுங்கள். அழகில்லைதான். ஆனால் அதற்குப் பிறகு வட்டத்தை அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள்.

உதறும் சினிமா

மூன்றாவது கோளாறு பாக்கி இருக்கிறது. சினிமா விநாடிக்கு 24 படம். உங்கள் திரை பெரும்பாலும் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் இரண்டரை. ஒரு படத்தை இரண்டரை முறை காட்ட முடியாது. ஆகவே ஒன்றை மூன்று முறை, அடுத்ததை இரண்டு முறை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒரு படம் 50 மில்லிவிநாடி நிற்கும், அடுத்தது 33தான். கேமரா சீராக நகரும் காட்சியில் கண் அந்த ஒழுங்கின்மையைப் பிடித்துவிடுகிறது.

திரை 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து முறை. 144 என்றால் ஆறு முறை. உதறல் போய்விடும். விளையாட்டுக்கென்று 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர்கள், விண்டோஸின் டிஸ்பிளே செட்டிங்ஸில் அது உண்மையிலேயே 144இல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். 60இலேயே விட்டுவைத்திருப்பவர்கள் உண்டு. 60 ஹெர்ட்ஸ் திரை மட்டும் இருப்பவர்கள் இதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். கோளாறு இல்லை என்று தெரிந்தாலே பாதி எரிச்சல் குறையும்.

காசு கொடுத்தும் மங்கலா?

கட்டணச் சேவைகளின் கதை வேறு. அங்கே படம் தாவாது, ஆனால் மங்கலாக இருக்கும். திருட்டைத் தடுக்கும் பூட்டு எந்த உலாவியில் எவ்வளவு உறுதியோ, அந்த அளவுக்குத்தான் தரத்தைத் தருவார்கள். நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க விண்டோஸில் எட்ஜ் உலாவி அல்லது அவர்களது செயலி வேண்டும். குரோமில் எவ்வளவு தேடினாலும் 4கே வராது. அதற்கேற்ற சந்தாவும், எச்டிசிபி 2.2 என்ற பூட்டைப் புரிந்துகொள்ளும் திரையும் கேபிளும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தரம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதிகச் சந்தாவை மாதம்தோறும் கட்டுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியது இது.

உண்மையிலேயே மாற்ற வேண்டியிருந்தால்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு மாற முடியாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால், மாற்றுவதற்கு அது சரியான காரணம். அது பாதுகாப்புப் பிரச்சினை. யூடியூப் திக்குவது அந்த அளவுக்குக் காரணம் ஆகாது. ஏழு வருடத்துக்கு முன் வந்த இன்டெல் மடிக்கணினி விண்டோஸ் 11ஐயும் ஏற்கும், விபி9ஐயும் பிரிக்கும்.

வாங்கப் போனால் கடையில் "இதுல 4கே ஓடுமா?" என்று கேட்காதீர்கள். ஓடும் என்றுதான் சொல்வார்கள். "ஏவி1 ஹார்ட்வேர் டிகோட் இருக்கா?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் சில்லின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, அங்கேயே கைத்தொலைபேசியில் தேடிவிடுங்கள். 'புதுசு' என்று மலிவு விலையில் விற்பதில் பழைய தலைமுறைச் சில்லும் இருக்கலாம். வெளியே இருக்கும் பெட்டிதான் இந்த வருடத்தது.

4கே திரையில் இணைக்கப் போகிறீர்கள் என்றால் எச்டிஎம்ஐ துளையின் பதிப்பையும் கேளுங்கள். 1.4 என்றால் 4கேயில் விநாடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். 2.0 அல்லது அதற்கு மேல் என்றால் 60. மவுஸ் அம்பே இழுத்து இழுத்து நகர்ந்தால், கணினியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் முன் அந்தக் கேபிளை ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.